தோள்கள் அறிந்த பாதை

பாதங்கள் நடந்து நடந்தே பாதைகள் உருவாகின்றன. உப்பு விற்றவர்களும் மந்தை ஓட்டியவர்களும் திருவிழாவுக்குச் சென்றவர்களும் தம் கால்களால் வகுத்த வழிகளே பிற்காலத்தில் சாலைகளாயின. போருக்காக நடந்த வழிகளோ, போர் ஓய்ந்ததும் பெரும்பாலும் புல் மூடி மறைந்துவிடுகின்றன. மறையாமல் நின்ற வழிகளும் சில உண்டு. பப்புவா நியூ கினி நாட்டின் மலைக்காட்டில் ஏறி இறங்கிச் செல்லும் கொக்கோடா பாதை அவற்றுள் ஒன்று. 1942-ஆம் ஆண்டில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அங்கே கடும்போர் நடந்தது. இன்று அதே வழியில் நண்பர்கள் குழுக்களாக நடக்கின்றனர். அவர்களுள் சிலர் மலையேறும் மகிழ்ச்சிக்காக வருகின்றனர். சிலர் தம் முன்னோர் போரிட்ட மண்ணைக் காண வருகின்றனர். தாம் நடக்கும் தொலைவைச் சொல்லி உற்றார் உறவினரிடம் நிதி திரட்டி, அப்பகுதிப் பள்ளிகளுக்கு அளிக்க வருவோரும் அவர்களுள் உண்டு. போர் நடந்த வழி பள்ளிக்குப் பொருள் சேர்க்கும் வழியாக மாறிய வரலாறு இது. அவ்வரலாற்றின் நடுவே, எளிதில் விடை காண இயலாத வினா ஒன்றும் இருக்கிறது.

மலையும் வழியும்

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே அமைந்த பெருந்தீவு நியூ கினி. அதன் கிழக்குப் பாதியும் அதைச் சூழ்ந்த தீவுகளும் சேர்ந்ததே பப்புவா நியூ கினி. ஆஸ்திரேலியாவின் ஆட்சிப்பொறுப்பில் இருந்த இந்நாடு, 1975 செப்டம்பர் 16 அன்று விடுதலை பெற்றது. 800-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு இது. ஒரு மலைக்கு இப்பால் ஒரு மொழி, அப்பால் வேறொரு மொழி என்னும்படி மக்களை மலைகள் பிரித்து வைத்திருக்கின்றன. தலைநகரான போர்ட் மோர்ஸ்பி தென்கடற்கரையில் உள்ளது. வடகடற்கரைக்கும் தலைநகருக்கும் நடுவே ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர் மதிலாக எழுந்து நிற்கிறது.

அம்மதிலைக் கடக்கும் ஒற்றையடிப் பாதையே கொக்கோடா. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓவர்ஸ் கார்னர் என்னும் இடத்தில் சாலை முடிகிறது, பாதை தொடங்குகிறது. அங்கிருந்து வடக்கே கொக்கோடா என்னும் ஊர்வரை அதன் நீளம் 96 கிலோமீட்டர். பாதையின் மிக உயர்ந்த இடமான பெல்லாமி மலை 2,190 மீட்டர் உயரமுடையது. தொலைவைக் கேட்போர் இதனை எளிய நடை என்று எண்ணக்கூடும். ஆனால் இப்பாதையில் சமநிலம் அரிது. ஒரு முகட்டில் ஏறி முடித்ததும் ஓடைவரை இறங்க வேண்டும். ஓடையைத் தாண்டியதும் அடுத்த முகடு கண்முன் நிற்கும். பகலில் புழுக்கம், பிற்பகலில் மழை, உயரமான இடங்களில் இரவுக் குளிர் என ஒரே நாளில் பருவங்கள் மாறும். வழுக்கும் சேறும், காலை இடறும் மரவேர்களும், அட்டைகளும், வெட்டிப்போட்ட மரத்தாலான பாலங்களும் நடப்பவரின் பொறுமையை ஒவ்வோர் அடியிலும் சோதிக்கும்.

போர் இப்பாதையை உண்டாக்கவில்லை. தென்பகுதியில் வாழும் கொயாரி மக்களும் வடபகுதியில் வாழும் ஒரோகைவா மக்களும் காலங்காலமாக நடந்த வழிகள் இவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடபகுதிப் பொன்வயல்களுக்கு அஞ்சல் கொண்டு சென்றவர்களும் இவ்வழியே நடந்தனர். ஊரார்க்கும் உறவினர்க்கும் உரிய வழியாக இருந்த இதனை உலக வரலாற்றின் பக்கங்களுக்குள் இழுத்து வந்தது இரண்டாம் உலகப்போர்.

1942

1942-இன் தொடக்கத்தில் ஜப்பானியப் படைகள் ஆசியாவின் தென்கிழக்கெங்கும் விரைந்து முன்னேறின. சிங்கப்பூர் பிப்ரவரி 15 அன்று வீழ்ந்தது. பிப்ரவரி 19 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர்மீது குண்டுகள் விழுந்தன. போர்ட் மோர்ஸ்பியைக் கடல்வழியாகக் கைப்பற்ற ஜப்பான் மேற்கொண்ட முயற்சி, மே மாதம் நடந்த பவளக் கடற்போரால் தடைப்பட்டது. எனவே ஜப்பானியர் தரைவழியைத் தேர்ந்தனர். ஜூலை 21 அன்று வடகரையில் கோனா அருகே இறங்கிய அவர்கள், மலையைக் கடந்து தலைநகரை அடையத் திட்டமிட்டனர்.

அவர்களை முதலில் எதிர்கொண்டோர் தொகையிலும் பயிற்சியிலும் குறைந்தவர்கள். ஜூலை 23 அன்று அவாலா என்னும் இடத்தில் பப்புவா காலாட்படையினர் முதன்முதலில் மோதினர். அந்த நாளே இன்று பப்புவா நியூ கினியின் தேசிய நினைவுநாளாகப் போற்றப்படுகிறது. அவர்களோடு நின்றவர்கள் ஆஸ்திரேலியாவின் 39-ஆவது படைப்பிரிவினர். உள்நாட்டுக் காவலுக்கெனச் சேர்க்கப்பட்ட அப்பிரிவில், பள்ளிப் பருவத்தைக் கடந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளைஞர் பலர் இருந்தனர். வெயில் பட்டால் உருகிவிடுவர் என்னும் பொருளில் இத்தகைய படையினரைச் 'சாக்லேட் வீரர்கள்' என்று முறையான படையினர் எள்ளி நகையாடினர். அவர்கள் உருகவில்லை. ஆகஸ்டு இறுதியில் இசுராவாவில் தம்மினும் பெரும்படையை எதிர்த்து நின்றனர். உதவிப்படை வந்து சேரும்வரை தாங்கினர்.

உதவிக்கு வந்த படையில் புரூஸ் கிங்ஸ்பரி, ஆலன் ஏவரி என்னும் இருவர் இருந்தனர். சிறுவயது முதல் பிரியாத நண்பர்கள். ஒன்றாகவே படையில் சேர்ந்தவர்கள். ஆகஸ்டு 29 அன்று இசுராவாவில் எதிரிகள் அரணை உடைத்து நுழைந்தபோது, கிங்ஸ்பரி எந்திரத் துப்பாக்கியுடன் முன்னேறி அவர்களைத் தடுத்து, அங்கேயே குண்டுபட்டு மாண்டார். வீரத்திற்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவை அவருக்கு மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. உடன்வந்த நண்பர் உயிருடன் ஊர் திரும்பினார். போர் நட்பை உருவாக்குகிறது என்று பெருமையாகப் பேசுவோர், அதே போர் நண்பரைப் பிரித்துவிடுவதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆஸ்திரேலியர் படிப்படியாகப் பின்வாங்கி, செப்டம்பர் நடுவில் இமிட்டா முகட்டை அடைந்தனர். ஜப்பானியர் அதற்கு எதிரேயுள்ள இயோரிபைவா முகடுவரை வந்துவிட்டனர். ஆனால் அவர்களிடம் உண்ண உணவில்லை. குவாடல்கனால் தீவிலும் போர் அவர்களுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. இலக்கை நெருங்கிய நிலையில், திரும்பி வருமாறு ஆணை வந்தது. வந்த வழியே அவர்கள் பின்வாங்க, நவம்பர் 2 அன்று ஆஸ்திரேலியர் கொக்கோடாவுக்குள் மீண்டும் நுழைந்தனர். இப்பாதையில் 600-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய வீரர்கள் மாண்டனர். 1,000-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் வீழ்த்தியோர் தொகை அதைவிடப் பன்மடங்கு. ஜப்பானியர் இழப்பும் பெரிது. பசியாலும் நோயாலும் மாண்டவர் அவர்களுள் மிகப்பலர்.

சுமந்தவர்கள்

வரைபடங்களில் படைகளின் நகர்வு அம்புக்குறிகளால் காட்டப்படுகிறது. அவ்வம்புகளுக்கு அடியில் நடந்தவர்களை வரைபடங்கள் காட்டுவதில்லை. சக்கரம் உருள இயலாத மலையில் அரிசியும் துப்பாக்கிக் குண்டும் மருந்தும் மனிதத் தோள்களின்மீதே சென்றன. அத்தோள்கள் பப்புவா மக்களுடையவை.

சுமைப்பணியை ஒழுங்குபடுத்திய பெர்ட் கியென்சில் என்பவர், அப்பகுதியில் தோட்டம் வைத்திருந்தவர். அவர் போட்ட கணக்கு ஒன்று போர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. ஒருவர் உணவுப்பொருளை மட்டுமே சுமந்து சென்றால், அச்சுமை அவர் ஒருவர்க்கே 13 நாள்களில் தீர்ந்துவிடும். அதிலிருந்து ஒரு வீரருக்கும் உணவளிப்பதாயின் ஆறரை நாள்களுக்கே வரும். கொக்கோடாவை அடையவோ ஏறத்தாழ எட்டு நாள்கள் வேண்டும். எனவே தோள்களை மட்டும் நம்பி இப்போரை நடத்த இயலாது என்பதை அவர் உணர்ந்தார். வானூர்தியிலிருந்து உணவு மூட்டைகளை வீசுவதற்கேற்ற இடத்தைத் தேடிச் சென்று, மலைமேல் மியோலா என்னும் வறண்ட ஏரிப்படுகையைக் கண்டறிந்தார். அங்கு விழுந்த மூட்டைகளையும் முன்னணிக்குச் சுமந்தவை தோள்களே.

மேலே செல்லும்போது உணவு. கீழே திரும்பும்போது காயமுற்ற மனிதர். காட்டுக் கழிகளில் போர்வையைக் கட்டி அமைத்த தூக்குக்கட்டில் ஒன்றுக்கு எட்டுப்பேர் தேவைப்பட்டனர். செங்குத்தான சரிவிலும் காட்டாற்றிலும் கட்டில் சாயாமல் அவர்கள் சுமந்தனர். இரவு வந்தால் சமநிலம் தேடிக் கட்டிலை இறக்கினர். மேலே இலைக்கூரை வேய்ந்தனர். நீர் கொணர்ந்து கொடுத்தனர். பக்கத்துக்கு நால்வராகப் படுத்து, சிறு முனகல் கேட்டாலும் எழுந்து பார்த்தனர். உயிர்பிழைத்த வீரர்கள் அவர்களைத் தேவதைகள் என்று அழைத்தனர். படைவீரர் ஒருவர் எழுதிய கவிதையால் 'சுருள்முடித் தேவதைகள்' என்னும் அப்பெயர் ஆஸ்திரேலியா முழுவதும் பரவியது. 1942 கிறிஸ்துமஸ் நாளில் பூனா அருகே எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்றில், கண்கள் கட்டப்பட்ட ஜார்ஜ் விட்டிங்டன் என்னும் வீரரை ரஃபேல் ஒயிம்பாரி என்னும் பப்புவா இளைஞர் ஊன்றுகோலுடன் மெல்ல நடத்திச் செல்கிறார். அப்படம் இன்றும் ஒரு நாட்டின் நன்றியுணர்வுக்கு அடையாளமாக விளங்குகிறது.

ஆயினும் தேவதை என்னும் சொல் சில உண்மைகளை மறைத்துவிடுகிறது. தேவதைக்குப் பசியில்லை, குளிரில்லை, காத்திருக்கும் குடும்பமில்லை. சுமந்த மனிதர்களுக்கோ இவையெல்லாம் இருந்தன. 1942 ஜூன் 15 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி அவர்களுள் பலர் கட்டாயமாகவே பணியில் சேர்க்கப்பட்டனர். கூலி சொற்பம், உணவு போதவில்லை, போர்வை எல்லார்க்கும் கிடைக்கவில்லை. ஆடவர் இல்லாத ஊர்களில் கிழங்குத் தோட்டங்கள் பராமரிப்பின்றிக் கிடந்தன. அக்கவலையால் இரவோடிரவாக ஊர் திரும்பியோரும் உண்டு. எதிர்ப்பக்கத்தில் ஜப்பானியரும் ரபாவுலிலிருந்து கொண்டுவந்த உள்ளூர் மக்களைச் சுமக்கச் செய்தனர். இரு பேரரசுகளின் போரில், தமக்குத் தொடர்பில்லாத பகையின் சுமையைத் தாங்கியவர்கள் அம்மண்ணின் மக்கள். அவர்களுள் எஞ்சியோர்க்கு ஆஸ்திரேலிய அரசு நினைவுப் பதக்கம் வழங்கத் தொடங்கியது 2009-ஆம் ஆண்டில்தான். அதற்குள் 67 ஆண்டுகள் கடந்திருந்தன. பதக்கத்தைப் பெறவேண்டியவர்களுள் மிகச்சிலரே உயிரோடு இருந்தனர்.

நண்பர்களின் நடை

1992 ஏப்ரலில், போரின் ஐம்பதாம் ஆண்டில், ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங் கொக்கோடாவுக்கு வந்து மண்டியிட்டு அம்மண்ணை முத்தமிட்டார். அதன்பின் மக்களின் பார்வை மெல்ல இப்பாதைமேல் திரும்பியது. 2001-இல் நூற்றுக்கும் குறைவானவர்களே நடந்த இவ்வழியில், 2008-இல் 5,000-க்கும் மேற்பட்டோர் நடந்தனர்.

நடக்க வருவோர் மழை குறைந்த ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கின்றனர். பழைய பள்ளித்தோழர்கள், ஓர் அலுவலகத்தில் பணிபுரிவோர், ஆசிரியர் குழுவினர், தந்தையும் மகளும் எனப் பலவகைக் கூட்டங்கள் வருகின்றன. நிதிக்காக நடப்போர் பல மாதங்கள் முன்பே ஆயத்தமாகின்றனர். முதுகுப்பையில் எடையை நிரப்பிக்கொண்டு விடியற்காலையில் மாடிப்படிகளில் ஏறி இறங்குகின்றனர். 'இத்தனை கிலோமீட்டர் நடப்போம். கிலோமீட்டருக்கு இவ்வளவு தாருங்கள்' என்று சுற்றத்தாரிடம் கேட்கின்றனர். விருந்து சமைத்தும், பழம்பொருள் விற்றும், போட்டிகள் நடத்தியும் பணம் சேர்க்கின்றனர். நடையின் செலவைத் தம் கைப்பணத்தில் ஏற்று, திரட்டிய தொகை முழுவதையும் பள்ளிகளுக்கே அளிக்கும் நேர்மையே இம்முயற்சியின் அடித்தளம்.

முதல்நாள் கோல்டி ஆற்றுக்கு இறங்கி, இமிட்டா முகட்டின்மீது ஏறத் தொடங்கியதுமே ஆயத்தங்களின் போதாமை தெரிந்துவிடும். போர்க்காலத்தில் மரக்கட்டைகளைப் பதித்து அமைத்த படிகளைப் 'பொற்படிகள்' என்று வீரர்கள் வேடிக்கையாக அழைத்தனர். ஒவ்வொரு படியிலும் சேறு தேங்கி நிற்க, கட்டையில் இடறி விழுந்தவர்களே அப்பெயரைச் சூட்டினர். இன்று அவ்வழியே ஏறுவோர்க்கும் மூச்சு வாங்குகிறது, முழங்கால் நடுங்குகிறது. இரண்டாம் நாளில் காலுறை உலர்வதில்லை. மூன்றாம் நாளில் பேச்சு குறைகிறது. அப்போதுதான் நட்பின் இயல்பு வெளிப்படும். வலிமை மிக்கவர் முன்னே விரைந்தால் குழு சிதறிவிடும். தளர்ந்தவரின் நடையே குழுவின் நடையாக வேண்டும். முன்செல்பவர் ஓடையின் கரையில் நின்று பின்வருபவருக்குக் கைநீட்டுகிறார். தன் காலில் கொப்புளம் இருப்பதை மறைத்தவர், நண்பரின் காலுக்கு மருந்திடுகிறார். உடுக்கை இழந்தவன் கைபோல என்று வள்ளுவர் உரைத்த நட்பின் விரைவை, வழுக்கும் சரிவொன்றில் தன்னையறியாமல் நீளும் கையில் காணலாம்.

இசுராவாவில் நான்கு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. 2002 ஆகஸ்டில் இரு நாடுகளின் பிரதமர்கள் திறந்துவைத்த நினைவிடம் அது. துணிவு, பொறுதி, தோழமை, ஈகம் என்னும் நான்கு பண்புகள் தூணுக்கொன்றாக ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நடந்து வந்த நண்பர்கள் அங்கே நெடுநேரம் அமர்கின்றனர். தம்மைவிட இளையோர் அவ்விடத்தில் மாண்டனர் என்னும் எண்ணம் பேச்சை நிறுத்திவிடுகிறது.

இப்பாதைக்குத் திரும்பிவந்த நண்பர்களுள் ஒரு ஜப்பானியரையும் குறிப்பிட வேண்டும். கொக்கிச்சி நிஷிமுரா என்பவர், பிரிகேட் குன்றுப் போரில் தம் சிறுபிரிவில் உயிர்தப்பிய ஒரே வீரர். மாண்ட தோழர்களின் எலும்புகளைத் தேடி எடுத்து அவர்தம் குடும்பத்தாரிடம் சேர்ப்பேன் என்று உறுதிபூண்ட அவர், 1979-இல் பப்புவா நியூ கினிக்குத் திரும்பினார். தம் முதிய வயதின் பெரும்பகுதியை மண்ணைத் தோண்டித் தோழர்களைத் தேடுவதிலேயே கழித்தார். அவர் எந்தப் பக்கத்தில் நின்று போரிட்டார் என்பதைக் கடந்து, கொடுத்த சொல்லைக் காத்த நண்பர் என்றே அவரை நினைக்கத் தோன்றுகிறது.

மலைமேல் ஒரு பள்ளி

நடப்பவர்கள் மாலையில் தங்குவது மெனாரி, எஃபோகி போன்ற சிற்றூர்களில். புல்வெளியைச் சீர்செய்து அமைத்த சிறு வானூர்தித் தளம், கிழங்குத் தோட்டங்கள், தேவாலயம், பள்ளி ஆகியவையே இத்தகைய ஊரின் அடையாளங்கள். சாலை இல்லாத ஊரில் கரும்பலகையும் சிமெண்டு மூட்டையும் கூரைத்தகடும் வருவதற்கு இரண்டே வழிகள்: வானூர்தி அல்லது மனிதத் தோள். வானூர்திக் கட்டணம் மிகுதி. மேகம் மூடினால் பறக்கவும் இயலாது. ஆதலால் நகரத்தில் எளிதில் கிடைக்கும் பாடநூலும் எழுதுகோலும் இங்கே அரும்பொருளாகின்றன. ஆசிரியர் நோயுற்றாலும், ஊதியம் தொடர்பான பணிக்காக நகரம் சென்றாலும், அவர் மலையேறித் திரும்பும்வரை வகுப்பு காத்திருக்க நேரும். தொடக்கக்கல்வி முடித்த மாணவர், மேல்நிலைக் கல்விக்காகக் குடும்பத்தைப் பிரிந்து தொலைவூரில் தங்கிப் படிக்க வேண்டும். அச்செலவைத் தாங்க இயலாத குடும்பங்களில் முதலில் நின்றுபோவது பெரும்பாலும் மகளின் படிப்பே.

நண்பர்கள் திரட்டிய பணம் இங்கே பல வடிவங்கள் எடுக்கிறது. ஓரிடத்தில் அது தகரக்கூரையாகிறது. அக்கூரையில் விழும் மழை தொட்டியில் சேர்ந்து குடிநீராகிறது. வேறோரிடத்தில் அது மேசையாகிறது, நூலாகிறது, சூரிய விளக்காகிறது, மாணவியின் விடுதிக் கட்டணமாகிறது. 2003-இல் தொடங்கப்பட்ட கொக்கோடா பாதை அறக்கட்டளை போன்ற அமைப்புகள், கட்டடத்தோடு நில்லாமல் கல்வி உதவித்தொகை, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றிலும் கருத்தைச் செலுத்துகின்றன. இதில் நல்லதொரு படிப்பினை உண்டு. கட்டடம் திறக்கும் நாளில் ஒளிப்படம் எடுக்கலாம், கைதட்டலாம். ஆசிரியர் இல்லாத கட்டடமோ, மழைக்கு ஒதுங்கும் மண்டபமாகவே எஞ்சும். பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் அவ்வூரிலேயே தங்கும்படி ஒரு வீடு கட்டித் தருவது கண்ணைக் கவராத உதவி. ஆனால் பள்ளி உயிரோடிருப்பது அதனால்தான்.

கடனா, கொடையா?

தொடக்கத்தில் குறிப்பிட்ட வினா இங்கே எழுகிறது. இந்நண்பர்கள் அளிப்பது கொடையா, அல்லது அவர்களுடைய நாடு பட்ட கடனின் ஒரு பகுதியா?

நடப்பவரின் முதுகுப்பையைப் பல வேளைகளில் உள்ளூர் இளைஞர் ஒருவர் சுமந்து வருகிறார். அவருடைய பாட்டனார் 1942-இல் தூக்குக்கட்டிலைத் தாங்கியவராக இருக்கக்கூடும். சேற்றில் வெறுங்காலுடன் தடுமாறாமல் நடக்கும் அவர், விருந்தினர் தடுமாறும்போது தோள்கொடுத்துத் தாங்குகிறார். சுமைக்கூலியாகக் கிடைக்கும் பணத்தில் அவர் தம் பிள்ளையின் பள்ளிச் செலவை எண்ணி எடுத்து வைக்கிறார். பள்ளிக்கு நிதி சேர்க்க நடப்பவரும் பள்ளிச் செலவுக்காகச் சுமப்பவரும் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக நடக்கின்றனர். இருவருள் கல்விக்காக மிகுதியாகச் சுமப்பவர் யார் என்று கேட்டால், விடை சொல்வதற்குத் தராசு தேவையில்லை.

இவ்வினா வெறும் கற்பனையன்று. 2008-ஆம் ஆண்டையொட்டி, பாதையின் தென்பகுதியில் செம்பும் பொன்னும் தோண்டும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. நிலவுரிமையாளர்களுள் ஒரு பகுதியினர் அதனை வரவேற்றனர். சுரங்கம் வந்தால் வருவாயும் வசதிகளும் வரும் என்று அவர்கள் நம்பினர். பாதையின் பயன்களில் தமக்குரிய பங்கை வேண்டி வழியையே மறித்தனர். சுரங்கத்திற்கான உரிமத்தை அரசு புதுப்பிக்கவில்லை. இரு நாடுகளும் பாதையைப் பாதுகாக்க உடன்பாடு செய்துகொண்டன. நினைவைக் காப்பது நல்லதே. எனினும், பிறர் நினைவைக் காப்பதற்காகத் தம் வருவாயை விட்டுக்கொடுக்கும் மக்களுக்கு என்ன கிடைத்தது என்னும் கேள்வியும் நியாயமானதே. நினைவுத்தூண் நாட்டியவர்கள் அதற்கு விடை கூற வேண்டும். அவ்விடைகளுள் தலையாயது பள்ளி.

கொடையென்று எண்ணும்போது கொடுப்பவர் உயர்ந்தும் பெறுபவர் தாழ்ந்தும் நிற்கின்றனர். கொடுப்பவர் தம் விருப்பம்போல் கொடுக்கலாம், நிறுத்தலாம். எதைக் கொடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்யலாம். வழியில் காணும் சிறுவர்க்கு இனிப்பும் எழுதுகோலும் அள்ளி வழங்கும் பழக்கம் இவ்வெண்ணத்தில் பிறப்பதே. அன்பினால் செய்யப்படினும், அது நாளடைவில் விருந்தினரைக் கண்டதும் கைநீட்டும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் உண்டாக்கிவிடும். கடன் என்று எண்ணினாலோ நிலைமை மாறுகிறது. கடனைத் திருப்பிச் செலுத்துபவர் பணிவுடன் வருகிறார். 'உங்கள் பள்ளிக்கு எது வேண்டும்?' என்று ஊரின் பெரியோரிடமும் ஆசிரியரிடமும் கேட்கிறார். அவர்கள் கூரை வேண்டும் என்றால் கூரை; ஆசிரியர் வீடு வேண்டும் என்றால் வீடு. தம் பெயரைச் சுவரில் எழுதச் சொல்வதில்லை. ஓராண்டோடு நிறுத்திவிடுவதும் இல்லை.

மற்றொரு வகையிலும் சிந்திக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி அளிப்பது அரசின் கடமை. விருந்தினரின் கால்வலியை நம்பி ஒரு நாட்டின் கல்வி நடைபெற இயலாது. நடப்போர் வராத ஆண்டிலும் பள்ளி நடைபெற்றாக வேண்டும். 2009 ஆகஸ்டில் நடையர்களை ஏற்றிக்கொண்டு கொக்கோடாவுக்குப் பறந்த சிறு வானூர்தி மலையில் மோதி, அதிலிருந்த 13 பேரும் மாண்டனர். பின்னர் பெருந்தொற்றுக் காலத்தில் எல்லைகள் மூடப்பட்டதால் நடையே நின்றுபோனது. வருவோரை நம்பியிருந்த ஊர்களில் வருவாயும் நின்றது. எனவே நண்பர்களின் உதவி அரசின் பணிக்குத் துணையாகலாமே தவிர, அதற்கு மாற்றாகிவிடக் கூடாது. ஊரார் தாமே பள்ளியை நடத்தும் வலிமை பெறும் நாளே இவ்வுதவி முழுமை பெறும் நாள்.

இத்தனை வரம்புகளும் இருந்தபோதிலும் நடையால் பயனில்லை என்று கூறுவதற்கில்லை. அறையில் அமர்ந்து காசோலை எழுதுவதாலும் பள்ளிக்குக் கூரை வேயலாம். ஆனால் அந்தக் கூரைத்தகடு எத்தனை முகடுகளைக் கடந்து வருகிறது என்பது காசோலைக்குத் தெரியாது. நடந்தவர்களின் கால்களுக்குத் தெரியும். ஒன்பது நாள்கள் மழையில் நனைந்து, தமக்கு முன்னே சுமையுடன் செல்பவரின் முதுகைப் பார்த்தபடி நடந்தவர், 1942-இல் அப்பாதை எப்படியிருந்திருக்கும் என்பதில் நூற்றில் ஒரு பங்கையேனும் உணர்கிறார். தாம் கையில் எதுவும் இன்றி ஏறவே இயலாத சரிவில், எட்டுப்பேர் ஒரு மனிதரைச் சுமந்து இறங்கினர் என்பது அவருக்கு அதன்பின் செய்தியாக இருப்பதில்லை. அவ்வுணர்வே அவரை ஊர் திரும்பியபின்னும் உதவச் செய்கிறது.

போர் தன் தேவைக்காக ஒரு மக்களினத்தின் தோள்களைக் கேட்டது, விருப்பம் கேட்கவில்லை. அத்தோள்களுக்கு உரியவர்களின் பேரக்குழந்தைகள் இன்று விருப்பங்களோடு வளர்கின்றனர். மருத்துவராகவும் ஆசிரியராகவும் வானூர்தி ஓட்டுநராகவும் விரும்பும் பிள்ளைகள் அம்மலைகளின் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். சுமப்பதும் சுமக்காதிருப்பதும் அவர்களுடைய தேர்வாக இருக்கும்படி செய்வதற்குக் கல்வியைவிடச் சிறந்த கருவி வேறில்லை. 1942-இல் கேட்காமல் எடுத்துக்கொண்டதற்குக் கேட்டுக் கொடுப்பதே தகுந்த கைம்மாறு.